சன் வைசர் பிராக்கெட் உடைந்துவிட்டது: 3டி பிரிண்டில் செய்தால் நம் ஊர் வெயில் தாங்குமா?

நாலாம்கியர்

எல்லோருக்கும் வணக்கம். என் காரில் டிரைவர் பக்க சன் வைசரைக் கூரையோடு பிடித்து வைத்திருக்கும் பிளாஸ்டிக் பிராக்கெட் உடைந்துவிட்டது. 2008 மாடல் ஹேட்ச்பேக். கம்பெனி பெயரைச் சொன்னால் "நான் அப்பவே சொன்னேனே, அந்தக் கார் வாங்காதே" என்று ஆரம்பித்துவிடுவீர்கள், அதனால் சொல்லப் போவதில்லை.

அமைப்பு சின்ன கார்கள் பலவற்றில் பார்ப்பதுதான். கூரையில் மூன்று ஸ்க்ரூவில் நிற்கும் ஒரு தட்டு. அந்தத் தட்டிலிருந்து கீழே இறங்கும் ஒரு குழல். வைசரின் எல் வடிவக் கம்பி அந்தக் குழலுக்குள் நுழைந்திருக்கும். வெயில் பக்கவாட்டில் அடித்தால் வைசரைக் கதவுக் கண்ணாடிப் பக்கம் திருப்புவோமே, அப்போது கம்பி அந்தக் குழலுக்குள் சுழலும். மறுமுனையில், நடுக்கண்ணாடிக்குப் பக்கத்தில், ஒரு கொக்கி கிளிப்.

தட்டும் குழலும் சேரும் இடத்தில், சுற்றி வட்டமாக உடைந்திருக்கிறது (படம் இணைத்திருக்கிறேன்). எபாக்ஸி பசை நிற்கவே மாட்டேன் என்கிறது, நகத்தால் கீறினாலே உரிந்து வந்துவிடுகிறது. ஷோரூமில் கேட்டால் பிராக்கெட் தனியாகக் கிடையாதாம், முழு வைசர்தான் வாங்க வேண்டுமாம், அதுவும் இந்த மாடலுக்கு இப்போது வருவதில்லையாம்.

வீட்டில் ஒரு 3டி பிரிண்டர் இருக்கிறது. மூடி இல்லாத திறந்த வகை. பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் ஃபிலமென்டில் (பிரிண்டர் உருக்கி அடிக்கும் நூல்) பிள்ளைகளுக்குப் பொம்மையும் ஒன்றிரண்டு செல்போன் ஸ்டாண்டும் செய்ததோடு சரி. இதில் செய்தால் தாங்குமா? எந்த ஃபிலமென்ட் வாங்க வேண்டும்?

காயலான்கடை

சார், புதுப்பேட்டைக்கு ஒரு நடை போங்கள். எழும்பூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு மதியம் சுற்றினால் உங்கள் மாடல் வைசர் இரண்டு பக்கமும் ஜோடியாகக் கிடைக்கும். பேரம் பேசத் தெரிந்தால் போதும். இதற்கெல்லாம் கம்ப்யூட்டர், பிரிண்டர் என்று எதற்கு?

நாலாம்கியர்

அண்ணே, நான் இருப்பது பாளையங்கோட்டையில். புதுப்பேட்டை 600 கிலோமீட்டருக்கு மேல். இங்கே பழைய ஸ்பேர் கடைகளில் விசாரித்தாகிவிட்டது. ஒருவரிடம் இருந்தது, அதிலும் அதே இடத்தில் விரிசல்.

உருகுநூல்

அதே இடத்தில் விரிசல் என்றீர்களே, அதை நினைவில் வையுங்கள், பின்னால் பேசுவோம். முதலில் ஃபிலமென்ட்.

பி.எல்.ஏ. வேண்டவே வேண்டாம். அது 60 டிகிரி செல்சியஸ் பக்கம் வந்தாலே இளகத் தொடங்கிவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் என்ன சூடு வரும் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 2018இல் அரிசோனாவில் வெளிவந்த ஆய்வில், 38 டிகிரியைத் தாண்டிய நாட்களில் கார்களை வெயிலில் நிறுத்தி அளந்தார்கள். ஒரு மணி நேரத்தில் உள்காற்று சராசரியாக 47 டிகிரி, டாஷ்போர்டு 69 டிகிரி. உங்கள் பிராக்கெட் கண்ணாடிக்கு ஒட்டினாற்போல, சூடேறிய கூரைத் தகட்டில் நேராக உட்கார்ந்திருக்கிறது. கத்திரி வெயிலில் திருநெல்வேலியில் காரை மதியம் முழுக்க வெளியே விட்டால் 60 டிகிரி பெரிய விஷயமே இல்லை.

பெட்ஜி என்ற ஃபிலமென்ட் கிட்டத்தட்ட 80 டிகிரி வரை விறைப்பாக இருக்கும். ஏ.பி.எஸ்., ஏ.எஸ்.ஏ. என்ற வகைகள் இரண்டும் 100 டிகிரியைத் தொட்டுத்தான் இளகும். இதற்குச் சரியானது இந்த இரண்டில் ஒன்று. ஆனால் உங்கள் பிரிண்டர் திறந்த வகை என்பதுதான் சிக்கல். ஏ.பி.எஸ். குளிரும்போது சுருங்கும். காற்று பட்டால் மூலை தூக்கிக்கொள்ளும், லேயர் (அச்சின் ஒவ்வொரு அடுக்கு) பிளந்துகொள்ளும்.

தோஹாவாசி

நான் கத்தாரில் இருக்கிறேன். இங்கே கோடை எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. டாஷ்போர்டில் போன் வைக்கும் தாங்கி ஒன்றை பெட்ஜியில் செய்து வைத்திருந்தேன். உருகிப் போகவில்லை. ஆனால் போனின் எடையிலேயே மெதுவாக, ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்துகொண்டே போனது. அதே வரைபடத்தை ஏ.எஸ்.ஏ.வில் அடித்து வைத்தது இன்னும் நிமிர்ந்து நிற்கிறது.

உருகுநூல்

இதைத்தான் க்ரீப் என்கிறார்கள். இளகும் சூட்டுக்குக் கீழே இருந்தாலும், இடைவிடாத சுமை இருந்தால் பிளாஸ்டிக் மெல்ல மெல்ல வடிவம் மாறும். அட்டவணையில் 80 டிகிரி என்று போட்டிருந்தால் 79 வரை நிம்மதி என்று அர்த்தமில்லை.

பட்டறைக்காரன்

தம்பி, நான் முப்பது வருடமாக கார் வேலை பார்ப்பவன். பிரிண்டர் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் எல்லோரும் எதில் செய்வது என்றே பேசுகிறீர்களே, ஏன் உடைந்தது என்று யாருமே கேட்கவில்லையே.

வைசர் பிராக்கெட் சும்மா உடையாது. நான் பார்த்தவரை மூன்று காரணம்தான். ஒன்று, கம்பி துருப்பிடித்து அந்தக் குழலுக்குள் இறுகியிருக்கும். நாம் வைசரைக் கதவுப் பக்கம் திருப்பும்போது கம்பி சுழலாமல் பிராக்கெட்டையே முறுக்கும். தினமும் முறுக்கினால் எத்தனை நாள் தாங்கும்? இரண்டு, கூரை லைனிங் மாற்றும்போது ஸ்க்ரூவை வெறியோடு முறுக்கியிருப்பார்கள். மூன்றாவதுதான் நம் ஊரில் அதிகம். வைசரில் ஆர்.சி. புத்தகம், டோல் ரசீது, கூலிங் கிளாஸ், பேனா, ஒரு சாமி படம், எல்லாவற்றையும் செருகி வைப்பார்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த எடை முழுவதும் அந்த ஒரு இடத்தில்தான் இறங்கும்.

கம்பியைக் கையில் பிடித்து, உடைந்த குழலைத் தனியாகச் சுற்றிப் பாருங்கள். இரண்டு விரலால் சுற்ற முடியவில்லை என்றால் இரும்பிலேயே பிராக்கெட் செய்தாலும் அடுத்தது வேறு எங்காவது உடையும்.

நாலாம்கியர்

அண்ணே, சுற்றிப் பார்த்தேன். பிளையர் இல்லாமல் அசையவில்லை. கம்பியில் செந்துரு. வைசரில் இருந்தவை: இன்ஷூரன்ஸ் நகல், இரண்டு பேனா, ஒரு டார்ச். அதற்கு மேல் கேட்காதீர்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். உடைந்த துண்டின் பின்பக்கம் அம்புக்குறி மாதிரி இரண்டு கோணங்களுக்கு நடுவில் ஆங்கிலத்தில் பி, ஓ, எம் என்று மூன்று எழுத்து அச்சாகியிருக்கிறது. இது பாக எண்ணா?

உருகுநூல்

அருமை. அது பாக எண் இல்லை, பிளாஸ்டிக்கின் வகை. மறுசுழற்சிக்குப் பிரிக்க வசதியாக ஐ.எஸ்.ஓ. 11469 என்ற முறைப்படி அச்சிடுவது. கார் உள்பாகம் எதைக் கழற்றினாலும் பின்பக்கத்தைப் பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். பி.ஓ.எம். என்றால் அசிட்டால். பல்சக்கரம், ஜிப், புஷ் போன்றவை செய்வது. வழவழப்பானது, தேயாது, சுழலும் கம்பிக்கு நல்ல ஜோடி. அதே வழவழப்புதான் உங்கள் எபாக்ஸிக்கு எதிரி. அசிட்டாலிலும் பாலிப்ரொப்பிலீனிலும் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது. நீங்கள் எவ்வளவு சுத்தம் செய்து ஒட்டியிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்.

அங்கே ஏ.பி.எஸ். என்று போட்டிருந்தால் கதை வேறு. அசிட்டோனில் ஏ.பி.எஸ். துண்டுகளைக் கரைத்துக் கூழாக்கி விரிசலில் தடவினால் பிளாஸ்டிக்கே ஒன்றோடொன்று கரைந்து சேர்ந்துவிடும். பிரிண்டரே தேவைப்படாது.

சைக்கிள்டைனமோ

அப்படியானால் அசிட்டால் ஃபிலமென்டே வாங்கி அடிக்கலாமே?

உருகுநூல்

கிடைக்கிறது, ஆனால் வீட்டில் அடிக்கப் பெரும்பாடு. பெட்டில் (பிரிண்டரின் அடித்தட்டு) ஒட்டாது, கடுமையாகச் சுருங்கும், அதிகம் சூடானால் சிதைந்து ஃபார்மால்டிஹைட் வாயு விடும். நான் வீட்டில் முயல மாட்டேன்.

சாய்கோணம்

மெக்கானிக்கல் படித்தவன், டை டிசைன் வேலையில் இருக்கிறேன். பட்டறைக்காரர் சொன்னதும் உருகுநூல் "நினைவில் வையுங்கள்" என்றதும் ஒரே இடத்தில்தான் சேர்கின்றன. இரண்டு கார்களில் ஒரே இடத்தில் விரிசல் என்றால் வடிவத்திலும் ஒரு பலவீனம் இருக்கிறது. உடைந்த பாகத்தை அப்படியே அளந்து அப்படியே அச்சடித்தால் அந்தப் பலவீனத்தையும் சேர்த்துத்தான் அச்சடிப்பீர்கள்.

படத்தில் பார்த்தால் தட்டும் குழலும் சேரும் மூலை கூர்மையாக, 90 டிகிரியாக இருக்கிறது. எந்தப் பாகத்திலும் உள்மூலை கூர்மையாக இருந்தால் அழுத்தம் அங்கேதான் குவியும். அங்கே 4, 5 மி.மீ. ஆரத்தில் வளைவு கொடுங்கள். உள்ளே இடம் இருக்கிறது, கூரை லைனிங்கின் ஓட்டையை மூடும் வட்ட மூடி மட்டும் இடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழலின் சுவரையும் தடிமனாக்குங்கள். மோல்டில் செய்பவர்கள் சுவரை மெல்லிதாக வைப்பதற்கு அவர்கள் காரணம் இருக்கிறது: தடித்த இடம் மெதுவாகக் குளிரும், குழி விழும், ஒரு துண்டுக்கு ஆகும் நேரம் கூடும். நமக்கு அந்தக் கவலை இல்லை.

அடுத்தது, அச்சடிக்கும் திசை. பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். தட்டைக் கீழே வைத்துக் குழலை நிமிர்த்தி அடித்தால் சப்போர்ட் (அந்தரத்தில் வரும் பகுதிக்குத் தற்காலிகத் தாங்கல்) தேவையில்லை, பார்க்கவும் அழகாக வரும். ஆனால் லேயர்கள் குழலுக்குக் குறுக்கே அடுக்கப்பட்டிருக்கும். வைசர் ஆடும்போது வரும் விசை அந்த அடுக்குகளைப் பிரிக்கும் திசையில்தான் வரும். விறகை நார் போகும் திசையில் கோடாலியால் போடுவதற்கும் குறுக்கே போடுவதற்கும் உள்ள வித்தியாசம். ஆகவே குழலைப் படுக்க வைத்து அடியுங்கள். தட்டு செங்குத்தாக நிற்கும், சப்போர்ட் வேண்டும், பின்பக்கம் சொரசொரப்பாக வரும், பரவாயில்லை. படுக்க வைத்தால் துளை கொஞ்சம் முட்டை வடிவாகும். கம்பியின் விட்டத்தைவிடச் சற்றுக் குறைத்து வரைந்து, பிறகு சரியான டிரில் பிட்டால் கையாலேயே கடைந்து எடுங்கள்.

நிமிர்த்தித்தான் அடிக்க முடியும் என்றால் வேறு வழி இருக்கிறது. குழலின் சுவரை இரு பக்கமும் தடிமனாக்கி, கீழிருந்து தட்டு வரை இரண்டு எம்3 (3 மி.மீ.) போல்ட்டுகளை ஓட விடுங்கள். நட்டு தட்டின் மேற்புறக் குழியில் புதைந்திருக்கட்டும். போல்ட்டை இறுக்கினால் லேயர்கள் எப்போதும் அமுங்கிய நிலையில் இருக்கும், பிரியாது.

இன்ஃபில்லை (பாகத்தின் உட்புற நிரப்பல்) 100 சதவீதம் வை என்று யாராவது வந்து சொல்வார்கள். அதைவிட வெளிச்சுவர்களின் எண்ணிக்கையை ஐந்து ஆறாக ஏற்றுங்கள். இவ்வளவு சின்னப் பாகத்தில் சுவர்களே உள்ளே எல்லாவற்றையும் நிரப்பிவிடும்.

நாலாம்கியர்

மிக்க நன்றி சார். அளவெடுப்பது எப்படி? குழலுக்கு வெர்னியர் போதும். தட்டு ஒழுங்கில்லாத வடிவம், மூன்று ஸ்க்ரூ துளையும் மூன்று விதமான தூரத்தில் இருக்கின்றன.

சாய்கோணம்

தட்டைச் சாதாரண ஆபீஸ் ஸ்கேனரில் கவிழ்த்து வைத்து ஸ்கேன் செய்யுங்கள். பக்கத்திலேயே ஒரு எஃகு ஸ்கேலையும் வையுங்கள். அந்தப் படத்தை ஃப்ரீகேட், ஃபியூஷன் போன்ற வரைபட மென்பொருள் எதிலும் கீழே விரித்து, ஸ்கேலின் 100 மி.மீ.க்கு அளவைப் பொருத்தி, மேலே கோடு போட்டுக்கொண்டே போகலாம். செல்போனில் எடுத்த படம் வேண்டாம், ஓரங்களில் வளைந்துவிடும். துளைகளின் தூரத்தை மட்டும் வெர்னியரால் சரிபாருங்கள்.

பிறகு தட்டை மட்டும் ஒரு மி.மீ. உயரத்தில் பி.எல்.ஏ.வில் அடித்துக் கூரையில் வைத்துப் பாருங்கள். துளைகள் உட்காருகின்றனவா என்று பார்க்க அதுவே போதும்.

வெள்ளைக்கோடு

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். எல்லோரும் ஆர்வமாக இருக்கிறீர்கள், ஆனால் இது ஓட்டுநரின் நெற்றிக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும் பாகம். விபத்து நடந்தால் தலை போய் மோதும் இடங்களில் ஒன்று. வீட்டில் செய்த கெட்டிப் பிளாஸ்டிக் கட்டியை அங்கே வைக்கலாமா? போல்ட் வேறு போடச் சொல்கிறீர்கள். கம்பெனி சோதித்துப் பார்த்து வைத்த பாகத்துக்கும் நாம் யூகித்துச் செய்வதற்கும் வித்தியாசம் இல்லையா?

காயலான்கடை

கண்ணுக்கு முன்னால் தொங்கும் வைசர் மட்டும் பாதுகாப்பா சார்?

வெள்ளைக்கோடு

அதைச் சொல்லவில்லை. வைசரைக் கழற்றி வைத்துவிட்டு, பழைய அசல் பாகம் கிடைக்கும் வரை கூலிங் கிளாஸ் போட்டு ஓட்டலாம் என்கிறேன்.

சாய்கோணம்

வெள்ளைக்கோடு கேட்டது நியாயமான கேள்வி, கிண்டல் செய்து தள்ளக்கூடாது. அமெரிக்காவின் எஃப்.எம்.வி.எஸ்.எஸ். 201 என்ற பாதுகாப்பு விதியில் சன் வைசருக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. வைசர் அடியை வாங்கிக்கொள்ளும் பொருளால் செய்யப்பட்டிருக்க வேண்டும் அல்லது அப்படிப்பட்ட பொருளால் மூடப்பட்டிருக்க வேண்டும். வைசரைப் பிடிக்கும் மவுன்டில், 165 மி.மீ. விட்டமுள்ள தலை வடிவக் கோளம் தொடக்கூடிய எந்தக் கெட்டி ஓரத்துக்கும் 3.2 மி.மீ.க்குக் குறைவான ஆரம் இருக்கக்கூடாது. நம் காருக்கு அந்த விதி சட்டப்படி பொருந்தாது. ஆனாலும் இலவசமாகக் கிடைக்கும் நல்ல வரைமுறை. நம் பாகத்தின் வெளித்தெரியும் ஓரங்களை எல்லாம் 4 மி.மீ. உருண்டையாக்கிவிட்டால் போகிறது. போல்ட் தலை வெளியே நீட்டவே கூடாது, குழியில் புதைய வேண்டும். படுக்க வைத்து அடித்தால் போல்ட்டே வேண்டாம், அதனால்தான் அதை முதலில் சொன்னேன்.

உடையும்போது எப்படி உடையும் என்பதும் முக்கியம். ஏ.பி.எஸ். பெரும்பாலும் வளைந்து வெளுத்துப் பிறகுதான் பிளக்கும். திரவப் பிசினை ஒளியால் இறுக்கிச் செய்யும் சாதாரண ரெசின் பிரிண்ட் கண்ணாடிச் சில்லாகச் சிதறும். ரெசினை இந்த இடத்தில் வைக்கவே கூடாது.

வெள்ளைக்கோடு

ஓரம் பற்றிய பதில் சரி. தீப்பிடிக்கும் தன்மை, அடி தாங்கும் தன்மை பற்றி என் சந்தேகம் அப்படியேதான் இருக்கிறது. என் காரில் நான் செய்ய மாட்டேன். மற்றவர்கள் அவரவர் இஷ்டம்.

பட்டறைக்காரன்

கழற்றும்போது இரண்டு விஷயம் தம்பி.

புது காராக இருந்து, கதவுக்கு மேலே கூரை ஓரத்தில் திரை ஏர்பேக் இருந்தால், பக்கத் தூண் மூடியையும் லைனிங்கையும் இழுத்துப் பிடுங்காதே. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் விட்டுத்தான் அந்தப் பக்கம் கை வைக்க வேண்டும். வைசரில் கண்ணாடி லைட் இருந்தால் கம்பிக்குள்ளேயே ஒயர் வரும், அதையும் பார்த்து இழு. உன் காரில் இரண்டும் இருக்காது என்று நினைக்கிறேன், ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்கள் காரில் இருக்கலாம்.

இரண்டாவது, ஸ்க்ரூ நீளம். புதுத் தட்டு தடிமனாக இருக்கிறதே என்று கடையில் நீளமான ஸ்க்ரூ வாங்கிப் போடுவார்கள். உள்தகட்டுக்கும் வெளிக்கூரைக்கும் நடுவில் இடம் குறைவு. ஸ்க்ரூ முனை வெளித்தகட்டைத் தொட்டால் கூரையில் கொப்புளம் கிளம்பும். பிறகு டிங்கரிங், பெயின்ட் என்று செலவு எங்கேயோ போய்விடும். தட்டு எவ்வளவு தடித்ததோ அவ்வளவு மட்டும் நீளம் கூட்டு.

உருகுநூல்

ஸ்க்ரூ கழலாமல் இருக்க மரையில் விடும் பசைத் திரவம் (த்ரெட்லாக்கர்) போட நினைப்பவர்களுக்கு: ஏ.பி.எஸ்.ஸில் வேண்டாம். சாதாரண நீலம், சிவப்பு வகைகள் பட்டால் ஏ.பி.எஸ். நுண்விரிசல் விட்டுப் பிறகு சத்தமில்லாமல் உடையும். மண்ணெண்ணெய், துரு நீக்கி ஸ்ப்ரே எதுவும் பாகத்தின் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பியின் துருவை நீக்கி, நன்றாகத் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவினால் போதும். ஸ்க்ரூ அழுத்தம் பிளாஸ்டிக்கை நசுக்காமல் இருக்க, துளைக்குள் தட்டின் தடிமனுக்குச் சரியாக வெட்டிய பித்தளைக் குழாய்த் துண்டைச் சொருகுங்கள். ஸ்க்ரூவின் இறுக்கம் முழுவதும் பித்தளை வழியாக இறங்கும்.

யாழ்வண்டி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இந்த இழையைக் கனகாலமாகத் தேடிக்கொண்டிருந்த மாதிரி இருக்கிறது. இங்கே 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு, 2025 தொடக்கம் வரை சொந்தப் பாவனைக்குப் புது வாகனம் வரவில்லை. எல்லோரும் இருந்த பழைய ஜப்பான் கார்களையே திருத்தித் திருத்தி ஓடினோம். வைசர் கிளிப், கதவுக் கைப்பிடி, ஏசி காற்றுத் துளையின் சின்ன இதழ்கள், இவைதான் முதலில் போகிற சாமான்கள். கொழும்பில் இருந்தாலும் விலை சொல்ல முடியாது. கராஜ்காரர் அலுமினியத் தகட்டை வளைத்து ஒரு பிராக்கெட் செய்து தந்தார், அது இன்றைக்கும் நிற்கிறது. அதையும் ஒரு வழியாக யோசிக்கலாம்.

எனக்கு ஒரு கேள்வி. ஏ.எஸ்.ஏ. வெயிலுக்கு நல்லது என்கிறார்கள். ஏ.பி.எஸ். மஞ்சளாகி நொறுங்கிவிடாதா?

உருகுநூல்

வெளியே வைக்கும் பாகமாக இருந்தால் ஏ.எஸ்.ஏ.தான், சந்தேகமே இல்லை. ஆனால் முன்கண்ணாடி இரண்டு கண்ணாடிக்கு நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியை அந்தப் படலமே நிறுத்திவிடும். ஆகவே அந்த இடத்தில் உண்மையான எதிரி சூடுதான். ஏ.பி.எஸ். கையில் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், இதற்காக ஒரு கிலோ ஏ.எஸ்.ஏ. வாங்க வேண்டாம்.

அலுமினியத் தகடு யோசனை உறுதியானது. வெள்ளைக்கோடு கேட்ட ஓரம் பற்றிய கேள்வி அதற்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். மடித்து உருட்டாமல் வைக்காதீர்கள்.

நாலாம்கியர்

செய்து மாட்டியாகிவிட்டது. பயன்படும் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கம்பி. துருவை மணல்தாளால் தேய்த்து எடுத்து, கிரீஸ் தடவி, பழைய குழல் துண்டிலேயே போட்டுப் பார்த்தேன். ஒரு விரலில் சுழன்றது. பட்டறைக்காரர் அண்ணன் சொல்லியிருக்காவிட்டால் இதைப் பார்த்தே இருக்க மாட்டேன்.

வரைபடம் ஸ்கேனர் வழியில்தான். தட்டை மெல்லிசாக பி.எல்.ஏ.வில் அடித்துப் பொருத்திப் பார்த்து, ஒரு துளையை மட்டும் அரை மி.மீ. நகர்த்தினேன். தட்டு 4 மி.மீ., மூலையில் 5 மி.மீ. வளைவு, வெளியே தெரியும் ஓரம் எல்லாம் 4 மி.மீ. உருண்டை. குழலைப் படுக்க வைத்தேன், சுவர் ஆறு.

ஏ.பி.எஸ்.ஸை என் பிரிண்டரில் அடிக்கவில்லை. எங்கள் வீட்டில் சீலிங் ஃபேன் இல்லாமல் ஒரு மணி நேரம்கூட யாரும் உட்கார மாட்டார்கள், அந்தக் காற்று போதும் மூலை தூக்க. தெரிந்த பையன் ஒருவனிடம் மூடிய பிரிண்டர் இருக்கிறது, அவன் ஜன்னலோரம் வைத்துப் புகை வெளியே போகக் குழாய் போட்டிருக்கிறான். நாசில் (நூல் உருகி வரும் முனை) 245 டிகிரி, பெட் 105, பாகத்தின் மேல் அடிக்கும் காற்றாடி நிறுத்தம், சுற்றிலும் அகலமான பிரிம் (பாகம் பெட்டில் ஒட்டி நிற்க ஒரு விளிம்பு). முடிந்த பிறகு உடனே கதவைத் திறக்காமல் பெட் தானாக ஆறும் வரை விட்டான். 20 கிராம்கூட வரவில்லை.

துளையை டிரில் பிட்டைக் கையால் திருகிக் கடைந்தேன். பித்தளைக் குழாய் கிடைக்கவில்லை, பழைய ரேடியோ ஆன்டெனாவில் ஒரு கணுவை வெட்டிச் சொருகினேன், அளவு கச்சிதம்.

மாட்டிய பிறகு ஒரு சித்திரை, வைகாசி தாண்டிவிட்டது. கார் நிற்பது திறந்த வெளியில்தான். தொங்கவில்லை, வெளுப்பு இல்லை, ஆட்டம் இல்லை. இன்ஷூரன்ஸ் நகல் இப்போது டாஷ்போர்டு பெட்டிக்குள்.

சைக்கிள்டைனமோ

ரேடியோ ஆன்டெனா! இதற்காகவே இந்த இழையைச் சேமித்துக்கொள்கிறேன்.

பட்டறைக்காரன்

நல்ல வேலை தம்பி. நம் கடைக்கும் பத்து அடித்துக் கொடு.

வெள்ளைக்கோடு

உருண்டை ஓரம் வைத்தது மகிழ்ச்சி. விற்கத் தொடங்காதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். சொந்தக் காரில் நீங்கள் எடுக்கும் ரிஸ்க் வேறு, முகம் தெரியாதவர் காரில் வைப்பது வேறு.

பட்டறைக்காரன்

அதுவும் சரிதான். வாபஸ்.

தோஹாவாசி

என் காரில் பிராக்கெட் நன்றாக இருக்கிறது, மறுமுனைக் கொக்கி கிளிப்தான் உடைந்தது. வைசர் கம்பி வந்து டக்கென்று உட்காருமே, அது. ஏ.எஸ்.ஏ.வில் செய்தால் கொஞ்ச நாளில் பிடி தளர்ந்துவிடுமோ?

சாய்கோணம்

வரைவதைப் பொறுத்தது. கம்பி உள்ளே உட்கார்ந்திருக்கும்போது கிளிப்பின் இதழ்கள் விரிந்த நிலையில் இருந்தால், நாள் முழுக்கச் சூட்டில் சுமையோடு நிற்கும், க்ரீப் வந்து தளரும். நீங்கள் சொன்ன போன் தாங்கி கதைதான். இதழ்கள் கம்பியை விடும்போதும் வாங்கும்போதும் மட்டும் விரிந்து, உட்கார்ந்த பிறகு சும்மா இருக்கும்படி வரையுங்கள். உட்காரும் குழியின் விட்டம் கம்பியைவிட 0.2 மி.மீ. பெரிதாக இருக்கட்டும், வாய் மட்டும் குறுகலாக இருக்கட்டும். கடகட சத்தம் வந்தால் குழிக்குள் வெல்வெட் டேப் ஒரு துண்டு ஒட்டுங்கள். இதழ்கள் வளையும் திசையில் லேயர் ஓடும்படி, அதாவது கிளிப்பின் பக்கவாட்டுத் தோற்றம் பெட்டில் படுத்திருக்கும்படி அடியுங்கள்.

நைலான் அடிக்க முடிந்தால் கிளிப்புக்கு அது இன்னும் நல்லது, நன்றாக வளைந்து கொடுக்கும். ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். உலர்த்தாமல் அடித்தால் நாசிலில் படபடவென்று பொரியும், பாகம் பஞ்சாக வரும்.

கடைசிபெஞ்ச்

நாலாம்கியர் சார், அதே வருட மாடல்தான் என்னுடையதும் என்று படத்தைப் பார்த்தாலே தெரிகிறது. எனக்கு உடைந்திருப்பது பயணி பக்கம். உங்கள் எஸ்.டி.எல். ஃபைலை (3டி வடிவக் கோப்பு) ஸ்லைசரில் (அச்சுக்குத் தயாராக்கும் மென்பொருள்) கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பினால் போதுமா?

நாலாம்கியர்

தட்டுக்குப் போதும், துளைகள் அப்படியே எதிர்ப்பக்கமாக வரும். ஆனால் குழலுக்குள் ஒரு இடத்தில் சின்னத் தட்டையான பகுதி இருக்கிறது, வைசர் முன்கண்ணாடிப் பக்கம் வந்ததும் லேசாகப் பிடித்து நிற்க. பயணி பக்கக் கம்பியில் அது எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று முதலில் அளந்து சொல்லுங்கள். திருப்பிய ஃபைலில் அந்தக் கோணம் பொருந்தவில்லை என்றால் வரைபடத்தில் அதை மட்டும் மாற்றி அனுப்புகிறேன். ஃபைலை இன்று இரவு ஏற்றிவிடுகிறேன்.